கரையில் நிற்காத மேஸ்திரி

நைனாவுக்கு மேஸ்திரி வேலை கிடைத்ததில் வீட்டிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். ஆம்பூரில் நைனா வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி, மேஸ்திரிக்கு ஓட்டு வீடு கொடுப்பார். அதுவரை நாங்கள் இருந்த குடிசையில், மழை வந்தால் வெளியே இருப்பவர்களைவிட உள்ளே இருக்கும் நாங்கள்தான் ஜாஸ்தி நனைவோம். ஓட்டு வீட்டுக்குப் போன முதல் நாளே, மழை வராதா என்று ஏங்கினேன்.

அன்றைக்கே நைனா அம்மாவிடம் சொன்னார்: "நான் எறங்காத தொட்டியில எவனையும் எறக்க மாட்டேன்."

தொட்டி என்றால் சுண்ணாம்புத் தொட்டி. மயிர் உதிர்வதற்காகத் தோலை அதில் ஊறப்போடுவார்கள். ஆட்கள் முழங்கால் வரை இறங்கி நின்று புரட்ட வேண்டும். பல வருஷம் அப்படி நின்று நைனாவின் பாதம் வெடித்துக் கிடந்தது. மேஸ்திரிகள் கரையில் நின்று அதட்டுவார்கள். அதுதான் மேஸ்திரி வேலை என்று ஊருக்கே தெரியும், எங்கள் நைனாவைத் தவிர.

"அப்பறம் மேஸ்திரியாகி இன்னா பிரயோஜனம்?" என்றாள் அம்மா. நானும் அம்மா கட்சிதான். மற்ற மேஸ்திரிகளின் பிள்ளைகள், "உங்க நைனா மேஸ்திரியா, கூலியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அழுகை முட்டும்.

ஒருநாள் நான் ஷாப்புக்கு நைனாவுக்குக் கூழ் கொண்டுபோன நேரம். மதராசில் கப்பலுக்குச் சரக்கு போக வேண்டிய அவசரம். புதிதாகக் கலக்கிய தொட்டியில் நைனா முதலில் இறங்கினார். இறங்கிய வேகத்தில் ஏறிவிட்டார். கால் சிவந்துபோயிருந்தது.

"காரம் ஜாஸ்திங்க சாயபு. தண்ணி ஊத்தி ஆறவிடணும். நாளைக்கு எறங்கலாம்" என்று முதலாளியிடம் சொன்னார்.

முதலாளி பொல்லாதவர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவருக்கும் பொறுமை போய்விட்டது. "பேஜார் பண்ணாதப்பா. ஒரு தோஸ்து மாதிரி சொல்றேன். கரையில நின்னு ஆளுங்கள எறக்கு. முடியலன்னா கூலி வேலைக்கே போய்டு."

நைனா வெந்த காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேண்டாம் நைனா, கரையிலேயே நில்லு நைனா என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"கூலிக்கே போறேங்க" என்றார்.

அந்த வாரமே குடிசைக்குத் திரும்பினோம். "நாட்டுல வேற மேஸ்திரியே இல்லையா? இவருக்கு மட்டும் இன்னா வந்துதாம்!" என்று அம்மா சட்டி பானைகளோடு சண்டை போட்டாள். நான் நைனாவோடு பேசுவதையே விட்டுவிட்டேன். எங்களைவிட அந்தத் தொட்டிதான் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சில நாள் கழித்து மறுபடி கூழ் எடுத்துப் போனேன். புது மேஸ்திரி கரையில் நின்று, "எறங்குங்கடா!" என்று கத்தினார். ஒருவரும் அசையவில்லை. அத்தனை பேரும் திரும்பி நைனாவையே பார்த்தார்கள். அவர் போய்த் தொட்டியில் காலை வைத்தார், கொஞ்சம் நின்றார், பிறகு தலையசைத்தார். அதற்கப்புறம்தான் எல்லோரும் இறங்கினார்கள்.

பாவம், மேஸ்திரி வேலை போன மனுஷனாயிற்றே என்று இரக்கப்பட்டுத்தான் எல்லோரும் அப்படிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அவமானம் பிடுங்கித் தின்றது. அவர் மகள் வந்திருக்கிறாள் என்று யாரும் பார்ப்பதற்குள், கூழ்ச்சட்டியை வேலியோரம் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.