பம்ப் போச்சு என்று நான் சொன்ன வண்டி

பழைய செயின் வண்டி பார்த்துச் சொல்கிற தொழிலில் கூலி தருகிறவர் வாங்குகிறவர், திட்டுகிறவர் விற்கிறவர். செயின் வண்டி என்றால் மண் தோண்டுகிற பெரிய எந்திரம்தான். அதில் ஏதாவது ஒரு சென்சார் முரண்டு பிடித்தால் டிஸ்ப்ளேயில் ஒரு எண் வரும். கோட் என்போம். கூடவே மஞ்சள் விளக்கு எரியும். அந்த மஞ்சளைப் பார்த்து வண்டியைத் திட்டியவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

கை வைத்துப் பார்த்தல்

எஸ்தர் அக்கா ஆம்பூர் ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷம் தைத்துவிட்டு, கணக்கு முடித்து வந்த பணத்தில் வண்டி வாங்கப் புறப்பட்டவர். வீட்டுக்காரர் டேவிட், அடுத்தவர் வண்டியை ஓட்டியே கை காய்த்துப்போன டிரைவர். இந்த ஒரு வண்டி படுத்தால் இரண்டு பேருக்கும் பிழைப்பு இல்லை. பார்த்துச் சொல்ல என்னைக் கூட்டிப்போனார்கள்.

வாணியம்பாடியில் ரஹீம் பாய் யார்டு. நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். பண்ணினால் என்ன கோட் வருகிறது என்று பார்த்து அழித்துவைத்துவிடுவார்கள். அதனால் யார்டுக்குள் போனதும் நான் முதலில் செய்கிற வேலை, இன்ஜின்மேல் உள்ளங்கையை வைப்பது. காலை எட்டு மணிக்கு அது இட்லி குண்டான் மாதிரி கொதித்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். பாய் மட்டும் அசையவில்லை. நிதானமாகக் கேட்டார்: "நீ வண்டி பாக்க வந்தியா, ஜுரம் பாக்க வந்தியா?"

பேரம்

அழித்த கோட் வேலை கொடுத்தால் திரும்பி வரும். டேவிட்டை ஏறச் சொல்லி மண்ணைத் தோண்டவைத்தேன். அரை மணி நேரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது, இன்ஜின் மூச்சு வாங்கியது. டீசல் அழுத்தத்தை அளக்கிற சென்சாரின் கோட். டீசலைத் தள்ளுகிற பம்ப் போச்சு, இது இரும்பு விலைக்குத்தான் ஆகும் என்று நான் ஒரே போடாகப் போட்டேன். பம்ப்பைப் பிரித்துப் பார்க்கவில்லை. இந்தத் தொழிலில் கோபமும் ஒரு டூல்தான், ஸ்பேனர் மாதிரி. பாய் முனகி முனகி இறங்கினார். புதுப் பம்ப் போட்டாலும் கட்டுப்படியாகும் என்கிற விலைக்கு வந்ததும் முடித்தேன்.

ஜெயித்த மிதப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் அக்கா டம்ளரைத் தொடவே இல்லை. "கம்மி பண்ணிட்டீங்க தம்பி, சரி. வண்டி ஓடுமா?"

ஏரிக்குள் ஸ்பேனர்

ஆலங்காயம் பக்கத்தில் ஓர் ஏரியில் வண்டல் அள்ளுகிற வேலை. மேஸ்திரி மூன்று நாள் பார்ப்பேன், வண்டி நின்றால் வேறு வண்டியை இறக்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். பம்ப்பில் கை வைப்பதற்கு முன்னால் சென்சாரை மாற்றிப் பார்க்கலாம் என்று புதுசு வாங்கிப் போட்டேன். ஒரு மணி நேரம் ராஜா மாதிரி ஓடிற்று. பிறகு அதே கோட். அந்தச் சென்சாரே டூப்ளிகேட் என்று கடைக்காரனைப் போனில் கிழித்துவிட்டு, மறுநாள் வேறு கடையில் இன்னொன்று வாங்கினேன். அதுவும் ஒரு மணி நேரம்தான்.

கையிலிருந்த ஸ்பேனரை வீசினேன். போய் ஏரித் தண்ணீரில் விழுந்தது. டேவிட் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, முழங்கால் சேற்றில் துழாவி எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "இதுல கோட் ஒண்ணும் வரலியே சார், இத்த ஏன் கடாசறீங்க?"

மேட்டுக்கு அடியில்

மூன்றாம் நாள் காலை. மேஸ்திரி வேறு வண்டிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். எஸ்தர் அக்கா சும்மா உட்கார முடியாமல் டிரைவர் கேபினைக் கூட்டப் போனார். ரப்பர் மேட்டைத் தூக்கியதும் அடியில் வெள்ளையாகத் தூள். ஒரு சிட்டிகை எடுத்து மோந்துபார்த்துவிட்டு, இது தோல் மண்டியில் பச்சைத்தோலுக்குப் போடுகிற உப்பு என்றார். தையலுக்கு வருமுன் இரண்டு வருஷம் தோலில் உப்பு உதறுகிற வேலை பார்த்தவராம்.

எனக்குத் தலையில் குட்டினாற்போல் இருந்தது. பாய்க்குப் போன் போட்டேன். ஆமாம், ஒரு வருஷம் டேனரியில் உப்புக் குவியல் வாரின வண்டிதான், நீ கேட்கவில்லை என்றார். சென்சாரில் மாட்டுகிற கனெக்டரின் ரப்பரை நீக்கிப் பார்த்தேன். வெளியே பளபள, உள்ளே பித்தளைப் பின்னெல்லாம் உப்பு அரித்துப் பச்சைக் களிம்பு. ஒவ்வொரு முறை சென்சார் மாற்றும்போதும் கழற்றி மாட்டினதில் களிம்பு உரசிப்போய்க் கொஞ்ச நேரம் சரியாகத் தொட்டிருக்கிறது. நான் வெற்றி என்று நினைத்தது அதைத்தான்.

கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு கட்டினேன். வண்டியின் பழைய சென்சாரையே திருப்பிப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மூன்று பேரும் டிஸ்ப்ளேயையே பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுது சாயும்வரை மஞ்சள் எரியவில்லை, பம்ப் கல்லு மாதிரி இருந்தது. மேஸ்திரி வந்து நின்று பார்த்துவிட்டு, நாளைக்கு ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள் என்று சொல்லிப் போனார். எஸ்தர் அக்கா செயின்மேல் உட்கார்ந்து, காலையில் கட்டிவந்த சோற்றை அப்போதுதான் பிரித்தார்.

பாய்க்கு உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லாத கோளாறுக்கு விலையைக் குறைத்துவிட்டேன் என்றேன். கத்துவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். அவர் சிரித்தார். "உப்ப நான் மறைச்சேன், பம்ப நீ சாவடிச்ச. சரிக்குச் சரி. பேஜார் பண்ணாத, வர்றப்ப பிரியாணி வாங்கினு வா."

இத்தனை வருஷத்தில் நான் பேசின பேரங்களிலேயே யாருக்கும் நஷ்டமில்லாமல் முடிந்தது, எனக்கு ஒன்றும் தெரியாமல் பேசின அந்த ஒன்றுதான்.