நாலு கிலோவாட் வீடு

தேவிபட்டினத்து மெஹருன்னிசாவுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, வாய் மூடிக்கொள்ளும். அந்த வாரம் முழுக்க மூடித்தான் இருந்தது. மாடியில் சோலார் போடும் விவகாரம். புருஷன் ஹமீது சுல்தான் சவுதியில், தம்மாமில் உட்கார்ந்துகொண்டு, நாலு கிலோவாட்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாலு கிலோவாட் என்றால் எட்டுப் பேனல். துணி காயப்போடக்கூட மாடியில் இடம் மிஞ்சாது.

அவருடைய கணக்குக்கு ஆதாரம் ஒரே ஒரு கரண்ட் பில். தொள்ளாயிரம் யூனிட். போன வருஷம் லீவில் வந்திருந்தபோது அதைப் போட்டோ பிடித்து வைத்திருந்தார். அந்த ரெண்டு மாசம் இரண்டு ஏசியும் ஓய்வில்லாமல் ஓடின. சென்னையிலிருந்து மகள் மர்வா குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தாள். அவர் விமானம் ஏறிய மறுநாளே மெஹருன்னிசா ஏசிகளுக்குப் பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி, ரிமோட்டுகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பெரிய வீட்டில் ஓடுவது ஒரு ஃபேனும் ஒரு ஃபிரிட்ஜும்தான். இதை எத்தனை தடவை சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. இருபத்திரண்டு வருஷமாக லீவில் மட்டுமே பார்த்த வீடு. வீடென்றால் எப்போதும் அப்படித்தான் கலகலவென்று இருக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம். பாவம் என்று தோன்றியதும் அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

ராமநாதபுரத்திலிருந்து அளவெடுக்க வந்த வீரலட்சுமி, டேப்பைப் பிரிக்கும் முன்னால் ஒரு வருஷத்துப் பில்களைக் கேட்டாள். மொத்தம் ஆறு. அதில் ஐந்து நூற்றெண்பது யூனிட்டைத் தாண்டவில்லை.

“அக்கா, ஒரு நாளைக்கு மூணு யூனிட்டுதான் செலவழிக்கிறீக. ஒரு கிலோவாட் போட்டா நாலு கிடைக்கும். ரெண்டே பேனலு. நாலு கிலோவாட் யாருக்கு?”

மெஹருன்னிசா தம்மாமுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். வீரலட்சுமி அதே கணக்கை அவரிடமும் சொன்னாள்.

“ஏம்மா, நான் வந்தா ஏசி ஓடணுமா, வேணாமா?” என்றார் ஹமீது சுல்தான்.

“வந்து இங்கனயே தங்குறதா இருந்தா நாலு சரி சார். லீவுக்கு மட்டும்னா ஒண்ணே போதும். எதை எழுதட்டும்?”

இத்தனை வருஷம் மெஹருன்னிசா கேட்கப் பயந்த கேள்வியை இந்தப் பெண் ஃபாரம் நிரப்பக் கேட்டுவிட்டாள்.

“இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம் வேலையை முடிச்சுக்கிட்டு வந்துரலாம்னு…” என்று இழுத்தார் அவர்.

“வீடு கட்டுறப்பவும் அடுத்த வருஷம்னீங்க மச்சான். மர்வா கல்யாணத்துக்கும் அதையேதான் சொன்னீங்க. இந்தப் பிள்ள எழுதணும், தேதியைச் சொல்லுங்க.”

“தேதியை இப்பவே எப்படிச் சொல்றது, மெஹரு?” என்றார் அவர்.

“ஒண்ணே போடும்மா,” என்றாள் மெஹருன்னிசா. குரல் உடைந்தது, அதை மறைக்க அவள் முயலவில்லை. “வீட்டுல ஒரு ஆளுதான்.”

“மெஹரு, நான் வந்தா…”

“வாங்க. வந்த பொறகு கூட்டிக்கிடலாம்.”

போனை வைத்துவிட்டாள். வீரலட்சுமி ஒன்று என்று எழுதிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் மாடிப்படி ஏறினாள்.

அவள் அளந்து முடித்து இறங்குவதற்குள் தம்மாமிலிருந்து மெசேஜ் வந்துவிட்டது. ‘சரி, ரெண்டு கிலோவாட்டாவது போடச் சொல்லு.’

மெஹருன்னிசா அதை இரண்டு தரம் படித்தாள். பேனலைக் குறைத்திருந்தார். தேதி இல்லை.