இரு காதும் வெட்டிய ஆடுகள்

அந்த ஊரில் இரண்டு வகையறாக்கள். மேட்டு வகையறா ஆட்டின் இடது காதை வெட்டிக் குறி வைக்கும். பள்ளத்து வகையறா வலது காதை வெட்டும். இரண்டு பேருடைய மூளையும் அதோடு தீர்ந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் அரசியல்.

தலையாட்டி பிறந்தது மேட்டில், பெண் எடுத்தது பள்ளத்தில். யார் எதைச் சொன்னாலும் ஆமோதித்தே நாற்பது வயதைத் தொட்டுவிட்டார். சொந்தமாக ஒரே ஒரு கருத்து சொல்லியிருக்கிறார், மழை வரும் என்று. வரவில்லை.

மேய்ச்சல் சங்கத் தலைவர் தேர்தல் வந்தது. மேட்டுக்காக நின்றவர் தலையாட்டியின் பெரியப்பா. ஐம்பது ஆடு வைத்திருப்பவருக்கே ஓட்டு. ஓட்டு உள்ளவருக்கே ஓடைக்கரைப் புல். தலையாட்டியிடம் முப்பதுதான். புல் முளைக்காத கரட்டில் மேய்ந்து மேய்ந்து அவையும் எலும்பும் தோலுமாய் நின்றன. ஓடைக்கரை கிடைக்காவிட்டால் அடுத்த கோடைக்கு மந்தை தாங்காது.

பள்ளத்து மச்சான் இருபது ஆடுகளை ஓட்டிவந்தார்.

"கணக்கெடுப்பு முடியிற வரைக்கும் உங்க பட்டியில நிக்கட்டும் மாப்ள. ஓட்டு மட்டும் எங்க பக்கம்."

"அதுக்கென்ன மச்சான்."

ஆடுகள் வந்தன, அறிவு வரவில்லை. வலது காது வெட்டிய ஆட்டைத் தன் பட்டியில் மேட்டுப் பெரியப்பா பார்த்துவிட்டால் என்னாவது என்று நடுங்கி, கத்தரியை எடுத்து இருபதுக்கும் இடது காதையும் வெட்டினார். அதிகாரி வந்து இடது காதுகளை மட்டும் எண்ணி, ஐம்பது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓட்டுச் சீட்டை நம்பாத ஊர். ஆளே வந்து தன் பக்கத்து வரிசையில் நின்றால்தான் ஓட்டு. தலையாட்டி வேண்டுமென்றே தாமதமாக வந்து, எந்த வரிசை நீளம் என்று பார்த்தார். பெரியப்பாவுடையது. அதன் வாலில் போய் ஒட்டிக்கொண்டார். எதிர் வரிசையிலிருந்து மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெரியப்பா தலைவரானார். மறுநாளே மச்சான் ஆட்டைக் கேட்டு வந்தார். விஷயம் தெரிந்து பெரியப்பாவும் வந்துவிட்டார்.

"இடது காது வெட்டின ஆடு எங்க ஆடு" என்றார் பெரியப்பா.

"வலது காதையும் பாருங்க" என்றார் மச்சான்.

"ரெண்டும் வெட்டியிருந்தா அது வழக்கு. தீர்ற வரைக்கும் சங்கத்துப் பட்டியில கிடக்கட்டும்." பெரியப்பா தலையாட்டி பக்கம் திரும்பினார். "உன்கிட்ட இப்ப முப்பதுதானே இருக்கு? ஓடைக்கரையை மறந்துரு."

"பெரியப்பா, நான் உங்க பக்கம்தானே நின்னேன்?"

"நின்ன. நீ வர்றதுக்கு முன்னாடியே நாங்க ஜெயிச்சாச்சு."

மச்சான் தன் தங்கையை, தலையாட்டியின் மனைவியைப் பார்த்தார். "என் இருபதுக்கு இவரோட இருபதை ஓட்டிட்டுப் போறேன்."

"ஓட்டுண்ணே. கூடவே நானும் வர்றேன். இங்க இருந்தா அடுத்து என் காதுக்குத்தான் கத்தரி வரும்."

அவளே பட்டிக்குள் இறங்கிப் பொறுக்கினாள். தேறுகிற இருபதையும் பிரித்தாள். நொண்டியும் சொறியும் உள்ளேயே நின்றன. அவள் ஓட்டிக்கொண்டு வெளியேறும்போது, கதவு ஆடுகள் மேல் இடித்துவிடாதபடி தலையாட்டி அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.