இரண்டாம் தடவை சொல்லாத பெட்டி

என் அக்காள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் 'மறுபடி' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் "மறுபடி சொல்லு" என்பார். இரண்டாம் தடவை ஒரு வார்த்தை மாறினால் போச்சு, அன்று முழுக்க அந்த ஆளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருடைய படகில் நான் எஞ்சின் டிரைவர். அதாவது, ஊரிலேயே அதிகமாக வாய் வலித்தவன்.

இந்தக் குணத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், அவருடைய அப்பா போன படகு மூழ்கிவிட்டது என்று யாரோ வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வீடே தலையில் அடித்துக்கொண்டு அழுதது. அழுகை ஓய்வதற்குள் அப்பா துணிப்பையும் கையுமாக உள்ளே நுழைந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாராம். மூழ்கியது வேறு படகு. அன்றிலிருந்து ஒரே ஒரு தடவை வரும் செய்தி அவருக்குச் செய்தியே இல்லை, வதந்தி. இதை நினைத்தால் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருக்கும். கூட உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினால் அந்த இரக்கம் பறந்துவிடும்.

தொலைவுக்குப் போகிற படகுகள் எல்லாம் 'நாவ்டெக்ஸ்' பெட்டி வைத்தாக வேண்டும் என்று துறைமுக அலுவலகம் சொல்லிவிட்டது. கரையில் உள்ள நிலையம் சில மணி நேரத்துக்கு ஒரு முறை எச்சரிக்கைகளை அனுப்பும். எங்கே காற்று வலுக்கிறது, எந்த மிதவையின் விளக்கு அணைந்துவிட்டது, எந்தப் படகைக் காணோம் என்று வருவதையெல்லாம் பெட்டி வாங்கித் திரையில் எழுத்தாகக் காட்டும். எங்கள் படகில் அதை மாட்ட வந்தவன் ரேடியோ மெக்கானிக். சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

அத்தானுடைய மகளுக்கும் அந்த மெக்கானிக்குக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. அவள் சுற்றிவளைக்காமல் ஒருநாள் அப்பாவிடமே வந்து, "எனக்கு அவரைப் பிடிச்சிருக்குப்பா" என்று சொல்லிவிட்டாள். அத்தான் "பாப்போம்" என்றார். பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"பாத்தியா, மறந்துட்டா. மனசுல இருந்தா மறுபடி கேட்டிருக்க மாட்டாளா?" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"அவகிட்டயே கேளுங்களேன் அத்தான்."

"நான் எதுக்குக் கேக்கணும்? எனக்கு அந்தப் பையன் மேலதான் சந்தேகம். முன்னாடியெல்லாம் அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தான். இப்ப ஐயாங்கிறான். சும்மா மாறுமா?"

அக்காள்தான் விடாமல் நச்சரித்து அவரிடமிருந்து ஒரு பதிலை வாங்கினாள். "பெட்டிய மாட்டட்டும். ஒரு பயணம் போயிட்டு வர்றேன். அவன் வேலை நாணயமா இருந்தா மேற்கொண்டு பேசலாம். இல்லேன்னா இந்த வீட்டுல அவன் பேரையே எடுக்கக் கூடாது." மகளின் கல்யாணம் ஒரு பெட்டியின் தலையில் போய் உட்கார்ந்தது.

மெக்கானிக் மாட்ட வந்த அன்று அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற ஆன்டெனாக்களிலிருந்து தள்ளி, சுக்கான் அறையின் கூரைமேல் புது ஆன்டெனாவை அவன் நிறுத்தினான். "அத்தனை இடம் இருக்கறப்ப ஏன் மூலைல போய் வைக்கறான்?" என்று என் காதைக் கடித்தார். வயரை எஞ்சின் பக்கம் கொண்டுபோகாமல் சுற்றி இழுத்தான். அதுவும் சந்தேகம். பிறகு நேராகவே கேட்டார்.

"நாம எங்க மீன் புடிக்கறோம்னு இது யாருக்காவது போய்ச் சொல்லுமா?"

"சொல்லாது ஐயா. இது கேக்க மட்டும்தான் செய்யும், பேசாது."

"கேக்குமா? நாங்க பேசறதையா?"

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிலையத்தின் குரலை மட்டும்தான் என்று விளக்கினான். ஆனாலும் அன்றிலிருந்து மீன் கிடைக்கும் இடம் பற்றிப் பேச்சு வந்தால் அத்தான் பெட்டிமேல் துண்டைப் போட்டு மூடினார். படகில் இருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துண்டு என்னுடையது.

சோதனைக்குப் போட்டபோது வந்த முதல் செய்தி பாதிக்குமேல் நட்சத்திரக் குறிகளாக இருந்தது. அத்தானின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? எதையோ மறைக்கறான்." எழுத்து சரியாகக் கிடைக்காத இடத்தில் பெட்டி அப்படித்தான் குறி போடும் என்றான் மெக்கானிக். ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்து, கடைசியில் சுக்கானுக்கு மேலே தொங்கிய எல்.ஈ.டி. விளக்கில் வந்து நின்றான். அந்த விளக்கின் இரைச்சல்தான் செய்தியைக் கெடுத்தது. அத்தானே தேடிப்பிடித்து வாங்கி மாட்டிய விளக்கு அது. அதைக் கழற்றியதும் அடுத்த செய்தி எழுத்துப் பிசகாமல் வந்தது. அத்தான் அந்த விளக்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு புது ஆன்டெனாவில் வேறு ஏதாவது வயர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் கூரைமேல் ஏறினார். அவர் மேலே இருக்கும்போதுதான் மெக்கானிக் கீழிருந்து மீதி விஷயங்களை உரக்கச் சொன்னான். அவர் மேலிருந்து "ம்... ம்..." என்றார்.

பயணத்தின் முதல் நாள் ஒழுங்காகப் போயிற்று. அடுத்த நாள் காலையில் பெட்டி கீச்சிட்டது. செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். படித்துச் சொல்வது என் வேலை.

"கட்டறுந்த பார்ஜ் ஒண்ணு, பெரிய இரும்புச் சரக்குத் தோணி, மிதந்து வருதாம் அத்தான். ஆள் இல்ல, விளக்கு இல்ல. ஒதுங்கிப் போகச் சொல்றாங்க." இடக் குறிப்பை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், அத்தான் துண்டு போட்டு மூடிப் பேசும் அதே இடத்துக்குப் பக்கம்.

"மறுபடி படி."

படித்தேன்.

"நீ எத்தனை தடவ படிச்சாலும் அது ஒரு தடவதான். பெட்டி சொல்லட்டும். அடுத்த நேரத்துக்கும் இதையே அனுப்புவாங்கல்ல? அப்பவும் வந்தா நம்பறேன்."

காத்திருந்தோம். மூடிய வானம், லேசான தூறல். அடுத்த நேரம் வந்தது. பெட்டி வானிலையை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. பார்ஜ் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. அத்தான் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"முடிஞ்சு போச்சு. ஒண்ணு, பார்ஜைப் புடிச்சுட்டாங்க. இல்ல, பார்ஜே கிடையாது. நல்ல இடத்துக்கு நாம போகக் கூடாதுன்னு எவனோ கிளப்பி விட்டது. அந்தப் பையனும் கூட்டாளியா இருப்பான்."

"அத்தான், வேணாம். ரேடியோல கரையக் கூப்பிட்டுக் கேட்டுருவோம்."

"கேட்டா நாம எங்க இருக்கோம்னு ஊருக்கே தெரிஞ்சுடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்றாலும் படகு அவருடையது, சுக்கானும் அவர் கையில். நான் எஞ்சினைப் பார்க்கக் கீழே இறங்கினேன்.

மழை வலுத்து, எதிரே ஒன்றும் தெரியாமல் போன நேரத்தில் மேலே அவர் அலறியது கேட்டது. எஞ்சினைப் பின்னுக்குப் போட என் கை போவதற்குள் மோதல். நான் எஞ்சின்மேல் போய் விழுந்தேன். என் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மேலே வந்து பார்த்தால், துருப்பிடித்த இரும்புச் சுவர் ஒன்று எங்கள் முகப்பை உரசிக்கொண்டு நகர்ந்து போகிறது. முன்பலகை உடைந்து தண்ணீர் உள்ளே வந்தது. எல்லோரும் கையில் அகப்பட்டதை எல்லாம் வைத்து அடைத்து, பம்பு போட்டு இறைத்துக்கொண்டே கரைக்குத் திரும்பினோம். உயிர் மிஞ்சியது.

துறைமுகத்தில் அக்காள், மகள், மெக்கானிக் மூவரும் நின்றிருந்தார்கள். அத்தான் இறங்கியதும் நேராக மெக்கானிக்கிடம் போனார்.

"உன் பெட்டி ஏன்டா ரெண்டாவது தடவ சொல்லல?"

மெக்கானிக் படகில் ஏறிப் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தான். "முதல் தடவையே முழுசா வாங்கியிருக்கு ஐயா. பிசகில்லாம வாங்கின செய்திய அது மறுபடி காட்டாது. எழுத்து கெட்டு வந்திருந்தா அடுத்த நேரத்துல திரும்பக் காட்டியிருக்கும். அந்தச் செய்தி இன்னும் உள்ளேயே இருக்கு. யாரும் ரத்துப் பண்ணல."

"இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன் ஐயா. மாட்டின அன்னைக்கே. நீங்க கூரைமேல இருந்தீங்க."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "சொன்னானா?"

"சொன்னான். எனக்கே இப்பதான் ஞாபகம் வருது. நீங்க 'ம்'னு சொன்னீங்க."

"மறுபடி சொல்லு."

என் கை வலியில் தெறித்துக்கொண்டிருந்தது. "மாட்டேன். உங்களுக்கு நான் இனிமே எதையும் ரெண்டு தடவ சொல்றதா இல்ல அத்தான்" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல்.

அக்காள் என் கையைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அப்போது மகள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நானும் உங்ககிட்ட ஒரு தடவதாம்ப்பா சொன்னேன்."

அத்தான் அவளைப் பார்த்தார். 'மறுபடி' என்று கேட்க அவர் உதடு குவிந்தது எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. மெக்கானிக்கின் தோளில் கை வைத்து, "இந்த ஐயா கொய்யாவெல்லாம் விட்டுரு. மாமான்னே கூப்பிடு" என்றார்.

மெக்கானிக் திகைத்துப்போய், "என்ன சொன்னீங்க?" என்றான்.

அத்தான் பதில் சொல்லாமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு நடந்தார்.