சீனியாரிட்டியை எழுதிக்கொடுத்தோம்

அந்த வருஷம் தொலைக்காட்சியைத் திறந்தால் மின்சார மசோதாதான். நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இலவச மின்சாரம் நாட்டைக் கெடுக்கிறது, பம்புசெட்டுக்கெல்லாம் மீட்டர் மாட்ட வேண்டும் என்பார் ஒருவர். விவசாயி வயிற்றில் அடிக்கிறீர்கள் என்று இன்னொருவர் மேசையைத் தட்டுவார். நடுவில் இருப்பவர் இருவரையும் கத்தவிட்டு வேடிக்கை பார்ப்பார். அந்த நாலு பேரில் ஒருவரும் ஒரு பாத்திப் பூண்டுக்குக்கூடத் தண்ணீர் பாய்ச்சியிருக்க மாட்டார்கள். அது தெரிந்தும் நான் உட்கார்ந்து கேட்டேன். கேட்டுப் பயந்தேன். அந்தப் பயத்தில் நான் செய்த காரியத்துக்காக என் கணவரின் அண்ணன் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

எங்கள் நிலம் மேல்மலையில், சரிவில் படிப்படியாக ஏறுகிறது. அடியில் ஓடை. ஓடைக்கரையில் மாமனார் வெட்டிய கிணறு. பாகம் பிரித்தபோது கிணற்றுத் துண்டும் மேல் படிகளும் என் கணவருக்கு வந்தன; நடுப்படிகள் மூத்தவருக்கு. கிணற்றுத் தண்ணீர் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. ஆயில் இன்ஜின் வைத்து மாறி மாறி இறைத்தோம். டீசல் கேனை டவுனிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவதற்குள் கண்டக்டரிடம் வாங்குகிற வசவு தனி.

இலவச கரண்டுக்கு மாமனார் எப்போதோ எழுதிப்போட்டிருந்தார். அவர் இறந்த பிறகு அந்த விண்ணப்பம் கிணறோடு சேர்ந்து என் கணவர் பெயருக்கு மாறியது. கம்பி வந்ததும் ஒரே மோட்டாரில் இரண்டு குடும்பமும் பாய்ச்சிக்கொள்வது என்று பேச்சு. பேச்சுதான், பத்திரம் இல்லை.

இந்த நேரத்தில்தான் மானியத்தில் சோலார் பம்பு தருகிறோம் என்று ஊரில் கூட்டம் போட்டார்கள். ஒரு நிபந்தனை சொன்னார்கள். இலவச கரண்டுக்கு வரிசையில் இருப்பவர்கள் அந்தச் சீனியாரிட்டி வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். நான் பிறந்தது மலையடிவாரத்தில், அய்யம்பாளையம் பக்கம். அங்கே என் அப்பா தோட்டத்தில் சோலார் பம்பு காலை எட்டு மணிக்கே கொட்டுவதைக் கண்ணால் பார்த்திருந்தேன். மீட்டர் வந்துவிட்டால் வரிசையில் நின்று என்ன பயன் என்று கணவரை அரித்தெடுத்தேன்.

விஷயம் மூத்தவர் காதுக்குப் போனதும் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே தம்பியிடம் ஆரம்பித்தார்.

“ஏலே, டில்லியில எவனோ பேசுறான்னு இங்க இருக்கிறத எழுதிக் குடுப்பியா? எந்தக் கட்சி வந்தாலும் இலவச கரண்டுல கைய வைக்க மாட்டான். பொறுமையா இரு.”

கணவரை முந்திக்கொண்டு நான்தான் பேசினேன்.

“மாமா இருந்த காலத்துலருந்து பொறுமையாத்தான மச்சான் இருக்கோம்? நாளைக்கு மீட்டர மாட்டிட்டா என்ன செய்வீங்க?”

“ஒங்கப்பன் ஊரு வெயிலும் இந்த ஊரு வெயிலும் ஒண்ணாத்தா? மத்தியானம் மேகம் எறங்குனா எதுத்தாப்புல நிக்கிற மாடு தெரியாது.”

“வெளிச்சம் இருந்தாப் போதும்னு சொல்றாங்க.”

“சொல்றவன் இங்க வந்து கெடக்கவா போறான்?”

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் கணவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போடவைத்தேன். மூத்தவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார் என்று தெரியும்.

சோலார் பலகைகளைக் கம்பெனி ஆட்கள் கிணற்றுக்குப் பக்கத்திலேயே நட்டார்கள். வயர் மிச்சம் என்றார்கள். சரிவின் அடியில், எதிர்மலையின் நிழலைத் தாண்டி வெயில் அங்கே வந்து விழவே பத்து மணி ஆகும். ஒரு மணிக்கெல்லாம் மேகம் இறங்கும். நடுவில் கிடைக்கிற வெயிலில் தண்ணீர் மூத்தவரின் படிவரைக்கும் ஏறும். அதற்கு மேல் எங்கள் படிக்கு ஏறாமல் குழாய் இருமும். என் நிலம் காய, அவர் நிலம் நனைந்தது. அதற்காகவாவது அவர் சும்மா இருந்திருக்கலாம். மேலே போகும் எங்கள் குழாய் அவர் பாத்திகளின் ஓரமாகப் போனது. கேட்காமல் எழுதிக்கொடுத்துவிட்டோம் என்ற கோபத்தில் ஒருநாள் அதைக் கழற்றிப் பாதையில் எறிந்துவிட்டார்.

“என் நெலத்துல ஒங்க பைப்பு கெடக்கக் கூடாது. வெரசா எடுத்துட்டுப் போங்க” என்றார். தம்பியைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

கிணற்றில் இனி இறங்கக் கூடாது என்று நானும் சொன்னேன். குழாயைச் சுற்றுவழியாகப் போட்டோம். தூரம் கூடியதில் வந்துகொண்டிருந்த தண்ணீரும் நின்றது. பழைய ஆயில் இன்ஜினையே திரும்ப ஓட்டினோம்.

அடுத்த வருஷம் ஊருக்குள் கம்பங்கள் வந்து இறங்கின. மசோதா டில்லியிலேயே பேச்சாகக் கிடந்தது. மீட்டர் எதுவும் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் எழுதிப்போட்டவர்களுக்கெல்லாம் கம்பி இழுத்தார்கள். பட்டியல் வைத்திருந்த மின்வாரியக்காரரிடம் போய்க் கேட்டேன். விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒங்க பேரு அடிச்சிருக்குங்களே” என்றார்.

மூத்தவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“ஏத்தா, நீ ஒன் பங்க மட்டும் தொலைக்கல. ஏம் பங்கையும் சேத்துத் தொலைச்சுட்ட.”

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. “சொந்தமா ஒரு கெணறு வெட்ட வக்கில்லாம தம்பி கெணத்துல தொங்குனது யாரு?” என்று ஊர் நடுவில் கேட்டேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அப்போது எனக்கு அது திருப்தியாகவே இருந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

கொடைக்கானலில் நடந்த குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். ஒருவர், “இது சென்ட்ரல் ஸ்கீம்மா, எங்க கையில இல்ல” என்றார். சீனியாரிட்டியைத் திருப்பித் தரச் சொன்னதற்கு, “அது ஸ்டேட்டு ரூல்” என்றார் அடுத்த நாற்காலிக்காரர். கம்பெனியிலிருந்து வந்த பையன் போனைத் தேய்த்துக் காட்டி, “எங்க ரெக்கார்டுல பம்பு டெய்லி ஓடுதும்மா” என்றான்.

“ரெக்கார்டுல ஓடுற தண்ணியில பூண்டு வெளையுமா சார்?” என்று கத்தினேன்.

மெதுவாகப் பேசச் சொன்னார்கள். மனுவில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

போன மாதம் புதிதாக விண்ணப்பம் கொடுக்க மின்சார அலுவலகத்துக்குப் போனேன். கணவர் வர மறுத்துவிட்டார். “நீயே ஆரம்பிச்ச, நீயே போ” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றது மூத்தவர். நான் ஊர் நடுவில் அப்படிக் கேட்ட பிறகு நடுப்படியில் அவர் சொந்தமாகக் கிணறு வெட்டியது ஊருக்கே தெரியும். என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஜன்னலுக்குள் நான் காகிதத்தை நீட்டுவதற்குள் என் தோளுக்கு மேலாகக் கையை விட்டுத் தன்னுடையதை முதலில் வைத்தார்.

உள்ளே இருந்த பெண் இரண்டையும் புரட்டிப் பார்த்தாள். “சர்வே நம்பர் பக்கத்துப் பக்கத்துல இருக்கே. ரெண்டு பேரும் ஒரே குடும்பமா?”

“இல்லைங்க” என்றார் அவர்.

“இல்லை” என்று நானும் சொன்னேன்.

அவருக்கு ஒரு எண்ணும், எனக்கு அதற்கு அடுத்த எண்ணும் விழுந்தன. இனி எத்தனை வருஷம் ஆனாலும் அவருக்குக் கம்பி இழுத்த பிறகுதான் எனக்கு. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் கையை நீட்டியிருப்பேன்.