இறந்தவளுக்காக ஜெபித்த வீடு

1. போன்

என் மனைவி ஸ்டெல்லா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அடையாறு பக்கம் ஒரு வீட்டுச்சபையை நடத்தும் மோகன். ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரே ஒரு தடவைதான் அவரைப் பார்த்திருக்கிறேன்.

“இன்னா பாஸ்டர், சிஸ்டர் நல்லாய்ட்டாங்கன்னு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாலு வாரமா நம்ம கூட்டத்துக்குத்தான் வந்துகினு கீறாங்க.”

“எந்த சிஸ்டர்?”

“உங்க வூட்டம்மாதான். ஸ்டெல்லா சிஸ்டர்.”

கையில் இருந்த சோறு காய்ந்துபோகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே போனார். அடுத்த மாதம் எல்லாக் குழுக்களும் சேரும் கூடுகையில் சுகமானதைப் பற்றி அவளைச் சாட்சி சொல்லவைக்கப் போகிறாராம்.

2. என் தப்பு

இது எப்படி நடக்கும் என்று புரிய, எங்கள் முறை தெரியவேண்டும். சைதாப்பேட்டையில் என் வீட்டு ஹாலில் ஏழு பேரோடு ஆரம்பித்தோம். ஒரு வீட்டில் பதினைந்து பேர் சேர்ந்தால் பாதிப்பேர் வேறு வீட்டுக்குப் பிரிந்துபோவார்கள். பிரியும்போது, யாருக்காக ஜெபிக்கவேண்டும் என்று எழுதிய ஜெபக்குறிப்பு நோட்டைப் பார்த்து எழுதி எடுத்துக்கொள்வார்கள். அந்த வீடு நிறைந்தால் அதுவும் பிரியும். பிள்ளைக் குழு, பேரப்பிள்ளைக் குழு என்போம். கூப்பிடாமல் நான் எங்கும் போகமாட்டேன். போனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், சொந்தக் காலில் நிற்கமாட்டார்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று நான் வாசற்படி மிதிக்காத வீடுகளே அதிகமாயின. அதில் எனக்குப் பெருமை.

ஸ்டெல்லாவுக்குக் கிட்னி போனபோது எல்லா நோட்டிலும் அவள் பெயர் ஏறியது. இரண்டு வருஷம் டயாலிசிஸ். அப்புறம் போய்விட்டாள். என் வீட்டில் கூடும் தாய்க் குழு மட்டும் அடக்கத்துக்கு வந்தது. வெளியே சொல்லவேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டேன். இத்தனை பேர் ஜெபித்தும் பாஸ்டர் மனைவியே பிழைக்கவில்லையே என்று புது விசுவாசிகள் சோர்ந்துபோவார்கள் என்பது நான் சொன்ன காரணம். உண்மையில், அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆக, நான் பார்க்காத வீடுகளில் மூன்று வருஷமாக வாராவாரம் அவளுடைய சுகத்துக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

3. ஞாயிறு நாலு மணி

மோகன் கூட்டம் நடத்தும் வீடு, ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி. நல்ல வெயில். ஹாலில் பதிமூன்று பேர். ஜன்னலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. ஸ்டெல்லாவின் சாயல் துளியும் இல்லை. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“வாங்க. ஏன் இவ்ளோ நேரம்? வெயில்ல நடந்தா வந்தீங்க?”

இருபத்தெட்டு வருஷம் என்னோடு வாழ்ந்த குரல் அது இல்லை. ஆனால் என்னிடம் அப்படிப் பேசுகிற உரிமை ஒருத்திக்குத்தான் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பாட்டு முடிந்ததும் அவர் சாட்சி சொன்னார். “வாரத்துல மூணு நாள் ஊசி. திரும்பி வரும்போது வாயெல்லாம் உப்புக் கரிக்கும். அரை டம்ளர் தண்ணிக்கு அழுகையா வரும். இப்போ நான் வயிறு நிறைய தண்ணி குடிக்கிறேன்.”

உப்பு, அரை டம்ளர், எல்லாமே ஸ்டெல்லா என்னிடம் சொன்னவை. எந்த நோட்டிலும் அவை இல்லை. ஒரு நிமிஷம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நானும் நம்பினேன். அடக்கத்தில் மண் போட்ட இந்தக் கையே பொய்யாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தபோது நான் திறந்து பார்த்தேன். அவரும் திறந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்களில் பயம் இருந்தது.

4. மாடிப்படியில்

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவரை நிறுத்தினேன்.

“உங்க பேர் என்னம்மா?”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“வசந்தா. கீழ் வீட்டுல தனியா இருக்கேன், இங்க யாருக்கும் என் முகம் தெரியாது. பாட்டுச் சத்தம் கேட்டு ஒருநாள் மேல வந்தேன். அப்பதான் உங்க வீட்டம்மாவுக்காக எல்லாரும் அழுது ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தாங்க. வாசல்ல என்னைப் பார்த்ததும் ஒரு பொண்ணு ‘நீங்கதான் ஸ்டெல்லா சிஸ்டரா’ன்னு கேட்டுச்சு. தலையை ஆட்டிட்டேன். ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க ஐயா. என் வீட்டுக்காரருக்கும் அதே வியாதிதான், நான் சொன்னதெல்லாம் அவர் பட்ட பாடு. அவர் போனப்போ எதிர்வீட்டுக் கதவுகூடத் திறக்கல.”

“நான் வருவேன்னு தெரியாதா?”

“தெரியும். நீங்க வந்து திட்டினாத்தான் இது நிக்கும்னு இருந்தேன். நீங்க திட்டல. அதான் பயந்துட்டேன்.”

நான் அவரைத் திட்டவில்லை. பொய்யை ஆரம்பித்தவன் நான். இருவரும் திரும்ப மேலே ஏறினோம். ஸ்டெல்லா இறந்துவிட்டாள், அதை நான்தான் மறைத்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வசந்தா தன் பெயரைத் தானே சொன்னார். மோகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

“அப்போ நாங்க யாருக்கு பாஸ்டர் ஜெபம் பண்ணோம்?” என்றார்.

அடுத்த வாரம் ஐந்து பேர் வரவில்லை. வசந்தா இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் மோகனே கீழே இறங்கிப்போய்க் கதவைத் தட்டி, “வசந்தாம்மா, வாங்க” என்று கூப்பிட்டு வந்தார். வசந்தா இன்னும் வருகிறார்.

5. நங்கநல்லூர்

போன மாதம் நங்கநல்லூரில் ஒரு புதுக் குழு என்னைக் கூப்பிட்டது. எந்தக் கிளையிலிருந்து பிரிந்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அங்கே ஒரு பெரியவர் எழுந்து, கிட்னி போய்ப் பிழைத்த ஸ்டெல்லா என்ற சகோதரியைப் பற்றிச் சாட்சி சொன்னார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்.

“ஐயா, அவங்க என் மனைவி. இறந்துட்டாங்க,” என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அது வேற ஸ்டெல்லாவா இருக்கும் பாஸ்டர். நான் சொல்றவங்க நல்லா இருக்காங்க. போன வாரம்கூட ஒருத்தர் பார்த்தாராம்.”

ஊழியத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். குழு பிரிகிற அன்று, சுகமானவர்கள் பெயரோடு செத்தவர்கள் பெயரையும் வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் வாயால் சொல்லாமல் விட்டதும் வீடு வீடாகப் போகும். பின்னால் ஓடிப்போய் அதைப் பிடிக்க முடியாது.