ஜாய்ஸ் போட்ட கணக்கு

புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பக்தவத்சலத்தின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பரீட்சை நேரத்தில் அங்கே கூட்டம் அலைமோதுவது மைக்ரோ ஜெராக்ஸுக்குத்தான். ஒரு பாடத்தையே உள்ளங்கைக்குள் மறையும் பிட்டாகச் சுருக்கித் தருவதில் கடையில் வேலை பார்க்கும் ஜாய்ஸ் கெட்டிக்காரி. தப்பில்லையா என்று கேட்டால், மெஷின் முதலாளியுடையது என்பாள். அந்தப் பதில் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அவளைப் பிடிக்கும்.

அவளுக்கே பிளஸ் ஒன் கணக்கில் அரியர் இருந்தது. அதைத் தாண்டினால்தான் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர முடியும். மற்றதெல்லாம் ஒருவழியாக வந்துவிட்டது. அடுக்கில் x நிற்கும் சமன்பாடுதான், அதிலும் பின்னம் வந்துவிட்டால், அவளைப் பாடாய்ப் படுத்தியது. (1/2)ˣ = 8 என்றால் கண்ணை மூடிக்கொண்டு 3 என்று எழுதுவாள். சரியான விடை மைனஸ் 3.

"இன்னாத்துக்கு இந்த பேஜாரு? உனுக்கும் ஒரு பிட்டு போட்டுக்கயேன்," என்றார் பக்தவத்சலம்.

"வாணாண்ணா. இத நானே போட்டு பாஸாவுறேன்."

ஒரு மதியம் ஐம்பது சதவீதம் அழுத்தி ஒரு பக்கத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது அவள் கை நின்றது. ஒருமுறை சுருக்கினால் எழுத்து பாதி உயரம். மூன்று முறை சுருக்கினால் எட்டில் ஒரு பங்கு. அப்படியானால் எட்டு மடங்கு எப்படி வரும்? வந்த வழியே திரும்பிப் போகவேண்டும், இருநூறு சதவீதத்தில் மூன்று முறை. அந்தத் திரும்பிப் போவதுதான் மைனஸ்! சந்தோஷத்தில் யாருடைய ஆதார் அட்டையையோ முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கித் தொலைத்து, திட்டும் வாங்கினாள்.

பரீட்சை திருக்கழுக்குன்றத்தில். வாசலிலேயே ஒரு டீச்சர், "நீ அந்த மைக்ரோ போடற பொண்ணுதானே?" என்று தனியே அழைத்துப் போய், கொண்டையை அவிழ்த்துக்கூடச் சோதித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அவமானத்தில் ஜாய்ஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேள்வித்தாளில் (1/9)ˣ = 27 என்று இருந்தது. மெஷினில் இதற்குப் பட்டன் கிடையாது. கலைந்த தலையோடு குனிந்து யோசித்தாள். ஒன்பது மூன்றின் வர்க்கம், கீழே நிற்பதால் அடுக்கு மைனஸ் இரண்டு. இருபத்தேழு மூன்றின் கனம். ஆகவே −2x = 3. x = −3/2 என்று அழுத்தி எழுதினாள்.

பாஸாகிவிட்டாள்.

ரிசல்ட் பார்த்த பக்தவத்சலம் சிரித்தார். "சும்மா சொல்லு, பிட்ட எங்க வெச்சிகினு போன?"

அவளுக்கு அழுகை முட்டியது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது. பாழான தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அந்தக் கணக்கை அவர் கண்முன்னே வரி வரியாகப் போட்டாள். அவர் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. கடைசி வரிவரை கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இரு இரு. அந்த மைனஸு எங்கேர்ந்து வந்துச்சி?"